பிளாக் திறக்கவில்லை, படம் வரவில்லை: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் வழி

"என் பிளாக் வேலை செய்யவில்லை." புதிதாக டொமைன் வாங்கி எழுதத் தொடங்கும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான். திரையில் என்ன தெரிகிறது என்று நான் திருப்பிக் கேட்டுப் பதில் வந்த பிறகே வேலை தொடங்கும். ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போய் எழுதிய குறிப்பு இது. உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ, நேராக அங்கே போங்கள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை.

## கை வைப்பதற்கு முன்

டொமைனைப் பதிவு செய்த இடம் ஒன்று. அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் ரெக்கார்டுகள் இருக்கும் இடம் ஒன்று. கோப்புகளும் படங்களும் கிடக்கும் ஹோஸ்டிங் ஒன்று. மூன்றும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாம், மூன்று இடங்களில் சிதறியும் கிடக்கலாம். எது எங்கே இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் லாகின் செய்வது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மாற்றப்போகும் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் பார்க்கப் போன இடங்களில், முதலில் வந்த பழுதை விட, பதற்றத்தில் அவர்களே மாற்றி வைத்த ஏழெட்டு விஷயங்களைப் பழையபடி ஆக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்திருக்கிறது.

அப்புறம், எந்தப் பழுதுக்கும் முதல் சோதனை ஒன்றுதான்: போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரைவேட் விண்டோவில் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் திறந்தால் தளத்தில் பழுதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலோ வீட்டு இணைப்பிலோதான் சிக்கல்.

## தளமே திறக்கவில்லை

### உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால்

மொபைல் டேட்டாவில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை. இதற்கு எளிய காரணம் பழைய முகவரி கேச்சில், அதாவது தற்காலிக நினைவில், தங்கியிருப்பது. பிரவுசரை மூடித் திறங்கள், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போதவில்லை என்றால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள்.

அதற்கும் மசியாமல், வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்று வருகிறதா? சற்று முன் அட்மின் பக்கத்திலோ ஹோஸ்டிங் பேனலான சிபேனலிலோ பாஸ்வேர்டைப் பலமுறை தவறாக அடித்தீர்களா என்று யோசியுங்கள். ஹோஸ்டிங்கின் ஃபயர்வால் உங்கள் ஐபி முகவரியைத் தடை செய்திருக்கக்கூடும். பல இடங்களில் சில மணி நேரத்தில் தடை தானாகவே விலகும். அவசரம் என்றால் உங்கள் ஐபி முகவரியைச் சொல்லி, தடையை நீக்கும்படி ஹோஸ்டிங் உதவிப் பிரிவிடம் கேளுங்கள்.

### யாருக்குமே திறக்கவில்லை, பிழையில் 'என்எக்ஸ்டொமைன்' என்று வருகிறது

இந்தப் பெயருக்கு இணையத்தில் முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். ஹோஸ்டிங் பக்கம் போகாதீர்கள், அங்கே தேடிப் பயனில்லை. கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

எழுத்துப்பிழை. சிரிக்காதீர்கள், வாங்கும்போதே ஒரு எழுத்தை விட்டுவிட்டு வாங்கியவர்கள் உண்டு.

உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். டாட் காம், டாட் நெட் போன்ற பொது டொமைன்களை வாங்கினால், உங்கள் மின்னஞ்சல் முகவரியை உறுதி செய்யும்படி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதைக் கிளிக் செய்யாவிட்டால், பதிவு நிறுவனம் டொமைனை நிறுத்தி வைக்க, டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதியில் இடம் உண்டு. இரண்டு வாரம் நன்றாக ஓடிய தளம் திடீரென்று மறைந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள். இல்லையென்றால் பதிவு நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து, கடிதத்தை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

காலாவதி. டொமைனின் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் பெயரைப் போட்டால் முடியும் தேதி தெரியும். முடிந்து சில நாட்களே ஆகியிருந்தால் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துவிடலாம். எத்தனை நாள் அவகாசம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அப்போது புதுப்பிப்புக் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் சேரும், தொகை வலிக்கும். அதற்குப் பிறகு வரும் 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. டொமைன் பொதுச் சந்தைக்குப் போய்விடும். ஹூஇஸ் நிலையில் 'ரிடெம்ப்ஷன்' என்ற சொல்லைப் பார்த்த அன்றே பதிவு நிறுவனத்தோடு பேசிவிடுங்கள்.

நேம்சர்வர், அதாவது உங்கள் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வர். சமீபத்தில் மாற்றினீர்களா? டாட் காம் பதிவேட்டில் நேம்சர்வர் விவரத்தின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது 48 மணி நேரம். பழைய விவரத்தைக் கேச்சில் வைத்திருக்கும் சர்வர்கள் அதுவரை பழையதையே சொல்லும். பொதுவாக அதைவிடச் சீக்கிரம் சரியாகிவிடும் என்றாலும், 48 மணி நேரம் முடிவதற்குள் மறுபடி மாற்றினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில், நேம்சர்வர் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஎன்எஸ்செக். மேலே சொன்ன எல்லாம் சரி, இரண்டு நாளும் ஆகிவிட்டது, இன்னும் திறக்கவில்லையா? பிழைச்செய்தி என்எக்ஸ்டொமைன் என்று இல்லாமல் வேறாகவும் இருக்கலாம். டிஎன்எஸ்செக் என்பது டிஎன்எஸ் பதில்களுக்கு முத்திரை வைக்கும் பாதுகாப்பு. பழைய டிஎன்எஸ் நிறுவனத்தில் அதை இயக்கியிருந்தால், அதன் டிஎஸ் ரெக்கார்டு பதிவு நிறுவனத்திடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய நேம்சர்வர் சொல்வது அந்தப் பழைய முத்திரையோடு பொருந்தாது, அதனால் கவனமான டிஎன்எஸ் சர்வர்கள் பதிலைத் தள்ளிவிடும். பதிவு நிறுவனப் பக்கத்தில் டிஎஸ் ரெக்கார்டை நீக்குங்கள். அந்த இடம் கண்ணில் படவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உதவிப் பிரிவிடம் "டிஎஸ் ரெக்கார்டை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

## வேறு எதுவோ திறக்கிறது

### விளம்பரப் பக்கம் அல்லது 'விரைவில் வருகிறது' பக்கம்

அது பதிவு நிறுவனம் காலி மனையில் நட்டு வைத்த பலகை. டொமைனை ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு இன்னும் அவர்களின் முகவரியைக் காட்டுகிறது. ஹோஸ்டிங் கொடுத்த ஐபி முகவரியை ஏ ரெக்கார்டில் போடுங்கள். முக்கியம்: பழையதைத் திருத்துங்கள், பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் இருந்தால் ஒருமுறை உங்கள் தளமும் மறுமுறை விளம்பரமும் மாறி மாறி வரும். "சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை" என்று யாராவது சொன்னாலே நான் போய் ஏ ரெக்கார்டை எண்ணிவிடுவேன்.

### கம்ப்யூட்டரில் புதிய தளம், மொபைல் டேட்டாவில் பழைய தளம்

இது என்னை ஒரு முழு மாலை அலைய வைத்த பழுது. ஏ ரெக்கார்டு ஒன்றே ஒன்று, அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஐபி முகவரியின் புதிய வகையான ஆறாம் பதிப்புக்கான 'ஏஏஏஏ' ரெக்கார்டு பழைய ஹோஸ்டிங்கையே காட்டிக்கொண்டிருந்தது. பல மொபைல் நெட்வொர்க்குகள் ஆறாம் பதிப்பைத்தான் முதலில் நாடும். புதிய ஹோஸ்டிங் உங்களுக்கு ஆறாம் பதிப்பு முகவரி எதுவும் கொடுக்கவில்லை என்றால் அந்த ரெக்கார்டை நீக்கிவிடுங்கள்.

### ஹோஸ்டிங் நிறுவனத்தின் வரவேற்புப் பக்கம்

டொமைன் சரியான சர்வருக்கு வந்துவிட்டது, அங்கே தன் அறையைக் கண்டுபிடிக்கவில்லை. ஹோஸ்டிங் பேனலில் டொமைனைச் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கோப்புகள் பப்ளிக்-எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் நேராக இருக்கின்றனவா, அதற்குள் இன்னொரு ஃபோல்டரில் மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிப் கோப்பை விரித்தவர்களுக்கு இரண்டாவது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

## மூன்று டபிள்யூ போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் திறக்கவில்லை

டிஎன்எஸ்ஸைப் பொறுத்தவரை இவை இரண்டும் தனித்தனிப் பெயர்கள். இரண்டுக்கும் ரெக்கார்டு வேண்டும். வெறும் பெயருக்கு ஏ ரெக்கார்டு, மூன்று டபிள்யூவுக்கு சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் ரெக்கார்டு) என்பது வழக்கம். வெறும் பெயருக்கு சிநேம் போட முயன்றால் பெரும்பாலான பேனல்கள் மறுக்கும். அது பேனலின் கோளாறு அல்ல, டிஎன்எஸ் விதியே அப்படி.

பிளாகரில் எழுதுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். அங்கே இரண்டு சிநேம் வேண்டும். ஒன்று மூன்று டபிள்யூவைக் கூகுளின் ஜிஹெச்எஸ் முகவரிக்குக் காட்டுவது. மற்றொன்று, டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க உங்களுக்கென்று தனியாகத் தரப்படும் சங்கேதப் பெயர். கூடவே வெறும் பெயருக்கு 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று நான்கு ஏ ரெக்கார்டுகள். பிறகு பிளாகர் அமைப்புகளில் டொமைனைத் திருப்பிவிடும் பொத்தானையும் இயக்க வேண்டும். நான்கு ஏ ரெக்கார்டும் போட்டுவிட்டு இந்தப் பொத்தானை மறந்தவர்கள் நிறையப் பேர்.

சிநேம் சேர்த்தும் பிளாகர் ஏற்கவில்லையா? பேனலில் 'பெயர்' கட்டத்தில் முழு முகவரியையும் அடித்திருப்பீர்கள். பல பேனல்கள் டொமைன் பெயரைத் தாங்களே பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆக உங்கள் டொமைன் இரண்டு முறை வந்த ஒரு விநோதப் பெயர் உருவாகியிருக்கும். அந்தக் கட்டத்தில் முன்பாதியை மட்டும் போடுங்கள்.

## பூட்டு, எச்சரிக்கை, 'பாதுகாப்பற்றது'

### பக்கம் முழுவதும் எச்சரிக்கை, உள்ளே போகவே விடவில்லை

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் (எஸ்எஸ்எல்) இல்லை, அல்லது வேறு பெயருக்கு இருக்கிறது, அல்லது காலாவதி. எச்சரிக்கைப் பக்கத்தில் விவரத்தைத் திறந்தால் எது என்று எழுதியிருக்கும். பெயர் பொருந்தவில்லை என்றால், மூன்று டபிள்யூ உள்ள பெயருக்கும் இல்லாத பெயருக்கும் சேர்த்து மறுபடி வாங்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் வலைப்பதிவுக்குத் தாராளமாகப் போதும். வழக்கமாக அதன் ஆயுள் 90 நாள், ஹோஸ்டிங் பேனல் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். புதுப்பிக்கவில்லை என்றால் டொமைன் வேறு சர்வரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழை யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், இலவசமானது ஏன் ஆகாது என்று ஒருமுறை கேளுங்கள்.

பிளாகரில் டொமைன் சேர்த்த முதல் நாள் இந்த எச்சரிக்கை வருவது சகஜம். எச்டிடிபிஎஸ் பொத்தானை இயக்கிவிட்டு ஒரு நாள் பொறுங்கள். டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால், அதுவரை அந்த ரெக்கார்டின் பக்கத்தில் உள்ள ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்கி வையுங்கள்.

### தளம் திறக்கிறது, பூட்டு மட்டும் சரியில்லை

பக்கத்தில் ஏதோ ஒரு படம் பழைய எச்டிடிபி முகவரியில் கிடக்கிறது. முகப்பின் தலைப்புப் படம், லோகோ, பக்கவாட்டு விட்ஜெட் இவற்றில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அந்தப் படத்தின் முகவரியில் 'எஸ்' சேர்த்தால் தீர்ந்தது. பழைய பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், பேக்கப் எடுத்துவிட்டுத் தேடி மாற்றும் பிளகின் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

### 'அளவுக்கு மீறிய திருப்பிவிடல்'

கிளவுட்ஃபிளேர் வைத்திருக்கிறீர்களா? எஸ்எஸ்எல் அமைப்பு 'ஃபிளெக்ஸிபிள்' என்று இருக்கிறதா? அதுதான். கிளவுட்ஃபிளேர் உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் கேட்கிறது, சர்வர் "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்று திருப்பி அனுப்புகிறது, அது மறுபடி எச்டிடிபியில் போய் நிற்கிறது. ஹோஸ்டிங்கில் சான்றிதழ் இருப்பதை உறுதி செய்துகொண்டு 'ஃபுல்' அல்லது 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' என்று மாற்றுங்கள்.

கிளவுட்ஃபிளேர் இல்லை என்றால், வேர்ட்பிரஸ் பொது அமைப்பில் உள்ள இரண்டு முகவரிகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹோஸ்டிங் மூன்று டபிள்யூவை நீக்கித் திருப்ப, வேர்ட்பிரஸ் அதைச் சேர்த்துத் திருப்ப, இரண்டும் பந்தாடிக்கொண்டிருக்கும்.

## எண்ணோடு வரும் பிழைகள்

### முகப்பு திறக்கிறது, பதிவுகள் எல்லாம் 404

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். அவ்வளவுதான். ஹோஸ்டிங் மாறியவர்களுக்கு இது அநேகமாகத் தீர்த்துவிடும்.

ஒரே ஒரு பதிவு மட்டும் 404 என்றால், நீங்கள் அனுப்பிய இணைப்பு நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'வணக்கம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்தால் ஏழு குறிகள், ஆக 63 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்குத் தரும் இடமே 200 எழுத்துதான். மூன்று 'வணக்கம்' வைத்தால் இடம் தீர்ந்தது. நீண்ட தமிழ்த் தலைப்பு பாதிச் சொல்லில் அறுந்து நிற்பது இதனால்தான். மெசேஜில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக நீளும் இந்த வாலை ஒருவர் அரைகுறையாக நகலெடுத்தாலும் 404தான். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே அடித்துவிடுங்கள்.

### 403

கோப்பு அனுமதிகள் கலைந்திருக்கின்றன. கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755. எதையாவது வாசித்துவிட்டு 777 கொடுத்துவிடாதீர்கள். வாசற்கதவைக் கழற்றி வைப்பதும் அதுவும் ஒன்று.

### 500, அல்லது வெள்ளைத் திரை

கடைசியாக எந்தப் பிளகினைச் சேர்த்தீர்கள், எதைப் புதுப்பித்தீர்கள்? அதுதான் முதல் குற்றவாளி. அட்மின் பக்கம் திறந்தால் அதை முடக்குங்கள். திறக்கவில்லை என்றால் ஃபைல் மேனேஜரில் பிளகின்கள் உள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எல்லாப் பிளகினும் ஒரேயடியாக முடங்கும். தளம் வந்துவிட்டால் பெயரைப் பழையபடி வைத்து ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் 5.2 முதல், எந்தப் பிளகின் இடறியது என்று அட்மின் மின்னஞ்சலுக்கே கடிதம் வரும், மீட்பு வழிக்கான இணைப்போடு. அதனால் அந்த மின்னஞ்சல் உயிரோடு இருக்கட்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கில் எரர் லாகைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, அந்த வரியை அப்படியே நகலெடுத்து உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

### தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை

நேற்று வரை ஓடியது, இன்று நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் ஹோஸ்டிங்கின் தரவுத்தள சர்வர் படுத்திருக்கும். அரை மணி பொறுத்துவிட்டு எழுதிக் கேளுங்கள். இடம் மாறிய பிறகு வந்தால், வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் உள்ள தரவுத்தளப் பெயர், பயனர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் ஆகிய நான்கையும் பேனலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பேனல் உங்கள் பயனர்பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் முன்னால் ஒட்டியிருக்கும். விடுபடுவது பெரும்பாலும் அதுதான்.

## ஹோஸ்டிங் மாற்றிய பிறகு தமிழ் எழுத்து சிதறிவிட்டது

தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகிறதா? நிம்மதியாக இருங்கள். தகவல் அப்படியே இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. தரவுத்தளத்தின் எழுத்துமுறையை யூடிஎஃப்8 எம்பி4 என்று குறித்து மறுபடி இறக்குமதி செய்தால் வந்துவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரிகிறதா? அது வேறு கதை. எழுத்துகள் போய்விட்டன, அந்தத் தரவுத்தளத்தில் எந்த வித்தை செய்தாலும் திரும்பாது. பழைய ஹோஸ்டிங்கின் பேக்கப்பிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். இதனால்தான், புதிய இடத்தில் ஒரு மாதம் ஓடும்வரை பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இந்தப் பழுதை மட்டும் அனுபவம் இல்லாமல் தொட வேண்டாம், தரவுத்தளம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

## தளம் வந்தது, மின்னஞ்சல் நின்றது

நண்பர் ஒருவருக்கு நேம்சர்வரை மாற்றிக் கொடுத்து, தளம் திறந்ததும் பெருமையாக வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவருடைய டொமைன் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று தெரிந்தது. நேம்சர்வர் மாறினால் பழைய இடத்தில் இருந்த எல்லா ரெக்கார்டுகளும் செல்லாமல் போகும். கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும், மின்னஞ்சலுக்கான டெக்ஸ்ட் ரெக்கார்டுகளும் அதில் அடக்கம். அவற்றைப் புதிய இடத்தில் அப்படியே எழுத வேண்டும். முதலில் சொன்ன ஸ்கிரீன்ஷாட் இதற்குத்தான். தளத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் நேம்சர்வரைத் தொடாமல் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

## படங்கள்

### ஏறவே மறுக்கிறது

அளவு பெரிது என்று சொல்கிறதா? வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஎச்பி தன்போக்கில் விட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் அனுமதிக்கும். பேனலில் உள்ள பிஎச்பி அமைப்பில் பதிவேற்ற வரம்பை உயர்த்தலாம், ஒரே முறையில் அனுப்பும் மொத்தத் தகவலுக்கான போஸ்ட் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஆனால் வரம்பை உயர்த்துவதை விடப் படத்தைச் சிறிதாக்குவதே புத்திசாலித்தனம்.

ஏறி முடிந்த பிறகு, கடைசியில் பிழை காட்டுகிறதா? அப்படியானால் சர்வரின் நினைவகம் போதவில்லை. போனில் எடுத்த படம் கோப்பாக 3 எம்பிதான் இருக்கும். ஆனால் 4000க்கு 3000 பிக்சல் படத்தை விரித்துப் பார்க்கும்போது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், ஆக 48 எம்பி பிடிக்கும். சின்ன ஹோஸ்டிங் அங்கேயே மூச்சு வாங்கும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

கோப்பு வகை அனுமதிக்கப்படவில்லை என்கிறதா? ஐபோன் படம் ஹெச்இஐசி வடிவில் இருக்கும். கோப்பின் பெயர் வாலை ஜேபிஜி என்று மாற்றினால் ஆகாது, பெயர்தான் மாறும், உள்ளிருப்பது மாறாது. போனின் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஏதாவது ஒரு படத் திருத்தியில் திறந்து ஜேபெக்காகச் சேமியுங்கள். வெப்பி வடிவத்தை வேர்ட்பிரஸ் 5.8 முதல் ஏற்கிறது.

### உங்களுக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை

படத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் சி டிரைவ் முகவரியில் தொடங்கினால் படம் ஏறவே இல்லை, உங்கள் வட்டிலிருந்து உங்களுக்கு மட்டும் தெரிகிறது. கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பு என்றால், அது படத்தைக் காட்டும் ஒரு பக்கம், படம் அல்ல. ஃபேஸ்புக்கிலிருந்து நகலெடுத்த முகவரி சில நாளில் காலாவதி ஆகும். கூகுள் டாக்ஸில் எழுதிப் படத்தோடு சேர்த்து ஒட்டினாலும் இதே கதி வரலாம். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: படத்தைத் தனியாக இறக்கி, உங்கள் தளத்திலேயே ஏற்றுங்கள்.

முகவரி உங்கள் தளத்தைத்தான் காட்டுகிறது, இருந்தும் வரவில்லையா? பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாருங்கள். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். தமிழில் கோப்புப் பெயர் வைத்து மேக்கிலிருந்து எஃப்டிபி வழியாக ஏற்றியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 'கொ' போன்ற எழுத்தில் உள்ள கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு. படக் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள்.

ஒரு சிலருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அவர்கள் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கோப்பின் பெயரில் 'பேனர்', 'ஆட்' போன்ற சொற்கள் இருந்தால் அப்பாவிப் படமும் அடிபடும்.

### பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தெரிகிறது

போன் படத்தைத் திருப்புவதில்லை, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பைத்தான் உள்ளே எழுதுகிறது. அதைப் படிக்காத இடங்களில் படம் படுத்துவிடும். படத் திருத்தியில் திறந்து, ஒருமுறை லேசாக வெட்டிச் சேமியுங்கள். அதே குறிப்புகளுக்குள் படம் எடுத்த இடமும் இருக்கலாம் என்பதால், வீட்டில் எடுத்த படங்களை ஏற்றும் முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவது நல்லது.

### வருகிறது, ஆனால் மெதுவாக

பதிவின் பத்தி அகலம் 700, 800 பிக்சல்தான் இருக்கும். அங்கே 4000 பிக்சல் படத்தைச் சுருக்கிக் காட்டினாலும் வாசகர் முழுவதையும் இறக்கித்தான் பார்க்கிறார். புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி, எழுத்து உள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பிஎன்ஜி. புகைப்படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்தால் பல மடங்கு ஊதிவிடும்.

இடம் தீர்ந்துவிட்டது என்று ஹோஸ்டிங் கடிதம் அனுப்பினால் எம்பியை மட்டும் பார்க்காதீர்கள், கோப்புகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024, 1536, 2048 என்று வெவ்வேறு அளவில் நகலெடுக்கும். 2560க்குச் சுருக்கியது ஒன்று, மூலம் ஒன்று. ஆக எட்டுக் கோப்புகள், தீம் தன் பங்குக்குச் சேர்ப்பது தனி.

### இணைப்பைப் பகிர்ந்தால் படம் வரவில்லை

பதிவுக்கு முகப்புப் படம் வைத்திருக்கிறீர்களா? 1200க்கு 630 பிக்சல் என்ற அளவு பெரும்பாலான இடங்களில் ஒழுங்காகத் தெரியும். வைத்த பிறகும் பழைய படமே வந்தால் அது அவர்கள் பக்கத்துக் கேச். ஃபேஸ்புக்கின் ஷேரிங் டிபக்கரில் முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

டொமைன் மீட்புக் காலத்தில் இருந்தாலோ, தமிழ் கேள்விக்குறியாக மாறியிருந்தாலோ, நீங்கள் எழுதாத சூதாட்ட இணைப்புகள் பதிவுகளில் முளைத்திருந்தாலோ சொந்த முயற்சி வேண்டாம். கடைசியில் சொன்னது தளத்துக்குள் யாரோ புகுந்ததன் அடையாளம். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், எந்தக் கோப்பையும் அழிக்காமல் ஹோஸ்டிங்கிடம் சொல்லுங்கள்.

எழுதும்போது பிழையின் ஸ்கிரீன்ஷாட், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், மொபைல் டேட்டாவில் எப்படி இருக்கிறது, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே அனுப்புங்கள். வெளியாள் யாராவது உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அவருக்கென்று தனி அட்மின் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள், வேலை முடிந்த அன்றே அதை நீக்கிவிடுங்கள்.